இனிப்பு என்றால் வாய் திறக்கிறாள், பருப்புச் சாதம் என்றால் துப்புகிறாள் (எட்டு மாதக் குழந்தை)

நிலாக்குட்டி அம்மா, ராமமூர்த்தி நகர், பெங்களூர்
செவ்வாய், இரவு 10.50

வணக்கம். என் மகளுக்கு நேற்றோடு எட்டு மாதம் முடிந்தது. பிறக்கும்போது 2.9 கிலோ, போன வாரம் பார்த்தபோது 7.6. எடையில் குறை இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். என் கவலை வேறு.

இனிப்பாக எதைக் கொடுத்தாலும் குருவிக் குஞ்சு மாதிரி வாயைத் திறக்கிறாள். ஏலக்கி வாழைப்பழம் ஒன்றை முழுதாகச் சாப்பிடுவாள். ஆப்பிளை வேகவைத்து மசித்தால் கிண்ணம் காலி. நாட்டுச் சர்க்கரை போட்ட ராகிக் கூழ் இரண்டு வேளை. ஆனால் பருப்புச் சாதத்தை ஒரு ஸ்பூன் வாயில் வைத்தால் போதும், உடம்பே ஒரு முறை சிலிர்க்கிறது. கண்ணை இறுக மூடிக்கொண்டு நாக்கால் வெளியே தள்ளிவிடுகிறாள். இரண்டாவது ஸ்பூனுக்கு உதட்டைப் பூட்டிக்கொள்கிறாள்.

இரண்டு வாரமாக விடாமல் முயற்சி செய்கிறேன். பாசிப்பருப்புச் சாதம், அடுத்த நாள் இட்லி, அப்புறம் கேரட் கிச்சடி, பரங்கிக்காய், உருளைக்கிழங்கு, தயிர்ச் சாதம் என்று தினம் ஒன்று மாற்றிப் பார்த்துவிட்டேன். எதுவும் பிடிக்கவில்லை. பட்டினியோடு தூங்கக் கூடாதே என்று கடைசியில் பழத்தை மசித்துக் கொடுத்துவிடுகிறேன்.

26 வார விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பிவிட்டேன். அவள் பாலைத் தாண்டி முதல் வாய் சாப்பிடத் தொடங்கிய அதே வாரத்தில் நானும் வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டியதாகிவிட்டது. பகலில் அலுவலகத்தோடு சேர்ந்த காப்பகத்தில் இருக்கிறாள். நான் செய்து கொடுத்து அனுப்புவதை அங்கே ஊட்டுகிறார்கள். அவள் எப்படிச் சாப்பிடுகிறாள் என்று என் கண்ணால் பார்ப்பது காலையிலும் இரவிலும் மட்டும்தான்.

அத்தை கிருஷ்ணகிரியிலிருந்து வந்திருக்கிறார். "உப்பில்லாப் பண்டம் குப்பையிலே, ஒரு கல் உப்பு போட்டுக் கொடு, சாப்பிடுவாள்" என்கிறார். டாக்டரோ ஒரு வயது வரை உப்பும் வேண்டாம் சர்க்கரையும் வேண்டாம் என்றார். அத்தையை மறுத்துப் பேச மனம் வரவில்லை, டாக்டர் சொன்னதை மீறவும் பயம். இதைக் கடந்து வந்தவர்கள் சொல்லுங்கள்.


அல்சூர் பாட்டி
புதன், காலை 6.15

கண்ணு, நீ எழுதினதிலேயே விஷயம் இருக்கிறது. தினம் ஒன்று மாற்றினேன் என்கிறாய் பார், அங்கேதான் குழந்தை திணறுகிறாள்.

வீட்டுக்குப் புதிதாக ஒருவர் வந்தால் குழந்தை முதல் நாளே தாவிப் போகுமா? போகாது. தூர நின்று பார்க்கும், அழும், இரண்டாம் நாள் கொஞ்சம் முறைக்கும், நான்காம் நாள் அவர் சட்டைப் பையைப் பிடித்து இழுக்கும். இன்றைக்கு ஒரு மாமா, நாளைக்கு வேறு மாமா என்று தினம் ஒரு புது முகம் வந்து நின்றால் எப்போது பழகும்? சோறும் அப்படித்தான் அம்மா. ஒன்றை எடு. பாசிப்பருப்பும் பச்சரிசியும் குழைய வேகவைத்து, சீரகம், ஒரு துளி பெருங்காயம், ஒரு பல் பூண்டு, அரை ஸ்பூன் நெய். அதையே ஒரு வாரம் கொடு. இரண்டு வாய் தின்றாலும் சரி, துப்பினாலும் சரி, மறுநாளும் அதே.

தனியாகச் சமைத்துச் சிரமப்படாதே. நம் வீட்டுக் கூட்டிலேயே உப்பு, மிளகாய் போடுவதற்கு முன் ஒரு கரண்டி எடுத்து வைத்துவிடு. சௌசௌ ரொம்ப நல்லது. நம் ஊர்ப் பக்கம் பெங்களூர் கத்தரிக்காய் என்பார்கள், இங்கே கேட்டால் சீமே பதனெகாய் என்றுதான் கொடுப்பார்கள். பாசிப்பருப்போடு வெந்தால் வெண்ணெய் மாதிரி மசியும்.

நீ தட்டில் போட்டு அவள் எதிரில் அதையே சாப்பிடு. அது பெரிய வேலை செய்யும்.


இரட்டையர் அப்பா, ஒயிட்ஃபீல்டு
புதன், காலை 9.40

பாட்டிம்மா சொன்னது அப்படியே உண்மை. எங்கள் வீட்டில் இரண்டு பேர், ஒரே நாளில் பிறந்தவர்கள், ஒரே பானைச் சோறு. ஒருவன் பருப்புச் சாதத்தை மூன்றாம் நாளே சாப்பிட்டான். இன்னொருவன் 14ஆவது தடவைதான் விழுங்கினான். காலண்டரில் கோடு போட்டு எண்ணிக்கொண்டே வந்ததால் எனக்கு எண்ணிக்கை தெரியும். எண்ணியிருக்காவிட்டால் நாலாம் நாளே "இவனுக்குப் பருப்பு ஆகாது" என்று முடிவு கட்டியிருப்பேன். இப்போது இரண்டு வயது, தட்டை வழித்துச் சாப்பிடுகிறான்.

கோடு போட்டுப் பாருங்கள் சகோதரி. துப்புகிற நாளிலும் ஒரு கோடு ஏறுகிறது இல்லையா, அது மனதைத் தாங்கும்.


ஜெயநகர் உணவியலாளர்
புதன், இரவு 9.25

நான் உணவியல் படித்து, குழந்தைகள் பிரிவில் பல வருடமாக வேலை செய்கிறேன். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இந்தக் கேள்வியோடு வரும் அம்மாக்கள் ரொம்பப் பேர், பெரும்பாலானோர் தங்களையே குற்றம் சொல்லிக்கொண்டு வருகிறார்கள். அதனால் விரிவாகச் சொல்ல ஆசை.

முதலில், இனிப்பு மேல் ஆசை குழந்தை பிறக்கும்போதே கொண்டு வருவது. தாய்ப்பாலே இனிப்புதான், 100 மி.லி.யில் சுமார் 7 கிராம் லாக்டோஸ் என்ற பால் சர்க்கரை இருக்கிறது. கசப்பும் புளிப்பும் பிறந்த குழந்தைக்கு ஆகாது. ஆகவே உங்கள் மகள் பழத்துக்கு வாய் திறப்பது கெட்ட பழக்கம் இல்லை. பருப்பு, காய், கீரை எல்லாம் கற்றுக்கொள்ள வேண்டிய சுவைகள். நடக்கக் கற்பதுபோல இதையும் விழுந்து எழுந்துதான் கற்பார்கள்.

எத்தனை தடவை என்று கேட்டால், இரட்டையர் அப்பாவின் காலண்டர் சரியான கருவி. 2007இல் வெளியான ஓர் ஆய்வில், ஏழு மாதக் குழந்தைகளுக்குப் பிடிக்காத ஒரு காயையே ஒரு நாள் விட்டு ஒரு நாள் எட்டு முறை கொடுத்தார்கள். முடிவில் பெரும்பாலான குழந்தைகள் அதைப் பிடித்த காய் அளவுக்கே சாப்பிட்டார்கள். எட்டு முறைதான். ஆனால் இரண்டு மூன்று முறையிலேயே நாம் விட்டுவிடுகிறோம். நீங்கள் இரண்டு வாரம் முயன்றீர்கள், ஆனால் ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் கிடைத்தது இரண்டு வாய்ப்போ மூன்று வாய்ப்போதான்.

இன்னொரு ஆய்வு, 2013, பிரான்சில் நடந்தது. ஒரு குழுவுக்குக் கூனைப்பூ (ஆர்டிசோக் என்ற காய்) மசியலை அப்படியே கொடுத்தார்கள், இன்னொரு குழுவுக்கு இனிப்புச் சேர்த்துக் கொடுத்தார்கள். பத்து முறைக்குப் பிறகு வெறும் மசியலைச் சாப்பிடும் அளவு இரண்டு குழுவிலும் ஒரே மாதிரி கூடியிருந்தது. இனிப்பால் கூடுதலாக ஒரு பலனும் இல்லை. இதை நான் எல்லா அம்மாக்களிடமும் சொல்கிறேன். பருப்பில் பழத்தைக் கலந்து ஏமாற்றிக் கொடுக்க வேண்டியதே இல்லை. சும்மா திரும்பத் திரும்பக் கொடுத்தால் போதும்.

இரண்டாவது, அந்தச் சிலிர்ப்பும் சுளிப்பும். பார்க்கும் நமக்கு வயிறு கலங்குகிறது. அது பெரும்பாலும் "இது புதிது" என்று சொல்லும் முகம்தான். முகம் சுளித்துக்கொண்டே அடுத்த ஸ்பூனுக்கு வாய் திறக்கும் குழந்தைகளை நான் தினமும் பார்க்கிறேன். சுளிப்பைப் பார்த்து நிறுத்தாதீர்கள். வாயை மூடித் தலையைத் திருப்பினால் மட்டும் நிறுத்துங்கள். அங்கே நிறுத்தியே ஆக வேண்டும். கன்னத்தை அழுத்துவது, மூக்கைப் பிடிப்பது, அழும்போது திறந்த வாயில் ஊட்டுவது எதுவும் கூடாது. ஸ்பூனைக் கண்டாலே அழ ஆரம்பிப்பார்கள். அப்படி ஒரு பயம் வந்துவிட்டால் அதைப் போக்க மாதக்கணக்கில் ஆகும்.

மூன்றாவது, கடைசியில் வரும் வாழைப்பழம். உங்கள் மனது எனக்குப் புரிகிறது. ஆனால் எட்டு மாதக் குழந்தையும் கணக்குப் போடும். துப்பினால் பழம் வரும் என்று பதினைந்து நாளில் அவள் கற்றுக்கொண்டிருக்கிறாள். பழத்தை நிறுத்த வேண்டாம், இடத்தை மாற்றுங்கள். பழத்துக்குச் சாயங்காலம் தனி நேரம். சோறு வேண்டாம் என்றால் பத்து நிமிடத்தில் எடுத்துவிட்டு, கொஞ்ச நேரம் கழித்துப் பால் கொடுங்கள். பால் இருக்கும்போது அவள் பட்டினி கிடக்க மாட்டாள். எட்டு மாதத்தில் பாலைத் தவிர்த்து வெளிச் சாப்பாட்டிலிருந்து அவளுக்குத் தேவை நாளொன்றுக்குச் சுமார் 200 கலோரிதான்.

நான்காவது, நாட்டுச் சர்க்கரை. டாக்டர் வேண்டாம் என்ற சர்க்கரையில் இதுவும் சேர்த்தி. வெல்லம், கருப்பட்டி, பனங்கற்கண்டு எல்லாமே நாக்குக்குச் சர்க்கரைதான். ஒரே நாளில் நிறுத்தினால் ராகியையும் துப்புவாள். ஒரு ஸ்பூன் போடுகிறீர்கள் என்றால் முக்கால், அரை, கால் என்று பத்துப் பன்னிரண்டு நாளில் இறக்குங்கள். தேன் மட்டும் ஒரு வயதுக்குள் ஒரு சொட்டுகூட வேண்டாம், நாக்கில் தடவவும் வேண்டாம். அதில் இருக்கக்கூடிய பொட்டுலிசம் கிருமியின் வித்துகள் கைக்குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சு உண்டாக்கும்.

பாட்டிம்மா பூண்டு போடச் சொன்னதைப் படித்து மகிழ்ந்தேன். 1991இல் அமெரிக்காவில் பாலூட்டும் தாய்மார்களைப் பூண்டு சாப்பிட வைத்துப் பார்த்தார்கள். பாலில் பூண்டு மணம் ஏறியது, குழந்தைகள் வழக்கத்தைவிட அதிக நேரம் பால் குடித்தார்கள். பிரசவமானதும் நம் வீட்டில் பூண்டுக் குழம்பும் மிளகு ரசமும் கொடுத்திருப்பார்களே, அந்த மணம் உங்கள் மகளுக்குப் பழகினதுதான்.


நிலாக்குட்டி அம்மா
வியாழன், காலை 7.05

படித்துவிட்டு ராத்திரி வெகுநேரம் தூங்கவில்லை. துப்பினால் பழம் வரும் என்று அவளுக்குக் கற்றுக் கொடுத்தது நான்தான் என்பது இப்போது புரிகிறது. இன்றையிலிருந்து ஒரே பருப்புச் சாதம். காலண்டர் சமையலறைக் கதவில் மாட்டியாகிவிட்டது. அத்தையும் எழுத்துக் கூட்டி முழு இழையையும் படித்தார். "உப்பைப் பற்றி ஒருத்தரும் சொல்லவில்லையே" என்று கேட்கிறார்.


எலக்ட்ரானிக் சிட்டி அம்மா
வியாழன், பகல் 1.30

உப்பைப் பற்றி நான் சொல்கிறேன். என் பையனுக்கு ஏழு மாதத்தில் சிட்டிகை உப்பு போட்டோம், அன்றைக்கே சாப்பிட்டான். நாமெல்லாம் உப்புப் போட்ட சோறு சாப்பிட்டுத்தானே வளர்ந்தோம்? ஊரில் ஒரு குழந்தைக்கும் ஒன்றும் ஆகவில்லை. சாப்பிடாமல் இருப்பதைவிட ஒரு சிட்டிகை பரவாயில்லை என்பது என் கருத்து. கோபிக்க வேண்டாம்.


ஜெயநகர் உணவியலாளர்
வியாழன், இரவு 8.50

கோபமே இல்லை. ஒரு சிட்டிகையால் குழந்தைக்கு உடனே ஏதாவது ஆகிவிடும் என்று யாரும் சொல்லவில்லை. கைக்குழந்தையின் சிறுநீரகம் இன்னும் முதிரவில்லை, உப்பில் உள்ள சோடியம் அதிகமானால் அதை வெளியேற்ற அது கஷ்டப்படும். பிரிட்டனில் ஒரு வயதுக்குள் நாளொன்றுக்கு 1 கிராமுக்கும் குறைவாகத்தான் உப்பு இருக்க வேண்டும் என்கிறார்கள். ஒரு டீஸ்பூன் உப்பே 5 கிராமுக்கு மேல். தாய்ப்பாலிலும் சாப்பாட்டிலும் இயல்பாக இருக்கும் சோடியம் அவளுக்குப் போதும்.

எனக்குப் பெரிய கவலை பழக்கம். உப்பின் மேல் நாட்டம் நாலு முதல் ஆறு மாதத்துக்குள்தான் தெரிய ஆரம்பிக்கிறது. அந்த நேரத்தில் நாம் எந்த அளவைக் காட்டுகிறோமோ அதுதான் அவர்களுக்குச் "சரியான ருசி" ஆகிவிடும். நமக்கு உப்பில்லாத சோறு சப்பென்று இருப்பது நம் நாக்கின் பழக்கம். அவள் நாக்கு இன்னும் உப்புச் சோற்றையே பார்த்ததில்லை. அதனால் அவளுக்கு அது சப்பென்று இருக்காது.

நிலாக்குட்டி அம்மாவின் அத்தைக்கு ஒரு வார்த்தை: பழமொழி உங்கள் தட்டுக்கும் என் தட்டுக்கும் பொருந்தும் அம்மா. பேத்தியின் கிண்ணத்துக்குச் சீரகமும் பெருங்காயமும் நெய்யும் பூண்டும் கறிவேப்பிலையும் இருக்கின்றன. அந்தக் கைமணம் உங்களிடம்தான் இருக்கிறது.


அல்சூர் பாட்டி
வெள்ளி, காலை 6.00

என் பிள்ளைகளுக்கு நான் உப்பு போட்டுத்தான் கொடுத்தேன், அன்றைக்கு யாரும் சொல்லவில்லை. பேரன்களுக்குப் போடவில்லை. அவர்களும் நன்றாகத்தான் சாப்பிட்டார்கள். இரண்டையும் பார்த்தவள் என்பதால் சொல்கிறேன்.


நிலாக்குட்டி அம்மா
வெள்ளி, இரவு 11.10

இன்றைக்கு ஒரு விஷயம் தெரிய வந்தது, இன்னும் மனது ஆறவில்லை.

சாயங்காலம் கொஞ்சம் முன்னதாகக் காப்பகத்துக்குப் போனேன். நான் கொடுத்தனுப்பிய பருப்புச் சாதத்தில் வெல்லத்தூளைக் கலந்து, எதிரில் போனில் பாட்டு ஓடவிட்டு ஊட்டிக்கொண்டிருந்தார்கள். கேட்டதற்கு அந்த ஆயாம்மா, "இல்லாட்டி சாப்பிடவே மாட்டா மேடம், டப்பா அப்படியே திரும்பிப் போனா நீங்க வருத்தப்படுவீங்கன்னுதான்" என்றார். அவர் மேல் கோபப்பட முடியவில்லை. பத்துக் குழந்தைகளை வைத்துக்கொண்டு அவரும் என்ன செய்வார், என் மகள் பசியோடு இருக்கக் கூடாது என்றுதான் செய்திருக்கிறார். ஆனால் இரண்டு மாதமாக தினமும் காலி டப்பாவைப் பார்த்து நான் சந்தோஷப்பட்டிருக்கிறேன். வீட்டில் மட்டும் ஏன் துப்புகிறாள், என் சமையல்தான் சரியில்லையோ என்று எத்தனை ராத்திரி அழுதிருக்கிறேன்.


பானஸ்வாடி அக்கா
வெள்ளி, இரவு 11.45

அழாதே தங்கச்சி. இது ரொம்ப இடத்தில் நடக்கிறது. என் மகள் போன காப்பகத்தில் பிஸ்கட்டைப் பாலில் கரைத்துக் கொடுத்தார்கள்.

வாயால் சொன்னால் ஆள் மாறும்போது மறந்துவிடும். டப்பா மூடியில் ஒட்டிவிடு. நான் கன்னடத்திலேயே எழுதி ஒட்டினேன்: சக்கரே பேட, பெல்ல பேட, உப்பு பேட (சர்க்கரை வேண்டாம், வெல்லம் வேண்டாம், உப்பு வேண்டாம்). மாற்று ஆயா வந்த நாளிலும் படித்துப் பார்த்துத்தான் கொடுத்தார்கள். அதோடு ஆயாம்மாவிடம் தெளிவாகச் சொல், "டப்பா முழுசாத் திரும்பி வந்தாலும் நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன், உங்களைக் குறை சொல்ல மாட்டேன்" என்று. அவர்களுக்கு அந்தப் பயம்தான். அதை எடுத்துவிட்டால் வெல்லமும் போய்விடும்.


இரட்டையர் அப்பா
சனி, காலை 8.20

போனையும் நிறுத்தச் சொல்லுங்கள். பாட்டுப் பார்த்துக்கொண்டே விழுங்குகிற குழந்தைக்கு வாயில் என்ன இருக்கிறது என்றே தெரியாது. பத்து நாள் அப்படி ஊட்டினாலும் என் காலண்டரில் அதற்கு ஒரு கோடும் போட மாட்டேன்.


நிலாக்குட்டி அம்மா
ஞாயிறு, பகல் 3.00

நாலு கோடு ஆகியிருக்கிறது. முதல் நாள் துப்பினாள். இரண்டாம் நாள் துப்பினாள், ஆனால் நாக்கை வெளியே நீட்டி உதட்டில் ஒட்டியிருந்ததை நக்கினாள். நேற்று ஒரு ஸ்பூன் உள்ளே போனது. இன்றைக்கு மறுபடி ஒன்றுமே இல்லை, ஸ்பூனைத் தட்டிவிட்டாள். பின்னோக்கிப் போகிறதா?

சாதத்தை நன்றாகத் தண்ணியாக, மிக்ஸியில் அடித்துத்தான் கொடுக்கிறேன். அதையும் சொல்லுங்கள்.


ஜெயநகர் உணவியலாளர்
ஞாயிறு, இரவு 7.40

பின்னோக்கிப் போகவில்லை. நக்கினாள் என்று எழுதினீர்களே, அதைப் படித்ததும் எனக்கு நிம்மதியாகிவிட்டது. ஒரு நாள் தின்று ஒரு நாள் தள்ளுவதுதான் இயல்பு. பல் முளைக்கிறதா, மூக்கடைப்பா, தூக்கம் சரியில்லையா என்று பாருங்கள். இப்போது பெங்களூரில் குளிர் ஆரம்பித்துவிட்டது, மூக்கடைத்தால் எந்தக் குழந்தையும் சாப்பிடாது.

மிக்ஸியை விட்டுவிடுங்கள். ஸ்பூனைச் சாய்த்தால் சட்டென்று ஒழுகாத கெட்டி வேண்டும். தண்ணியாக இருந்தால் வயிறு நிறையும், சத்து நிறையாது. அவள் வயிறு கொள்வது சுமார் 200 மி.லி.யை ஒட்டித்தான். விரலால் மசித்து, சின்னச் சின்னப் பருக்கை தெரிய வேண்டும். ஒன்பது, பத்து மாதத்துக்குப் பிறகும் மசியலிலேயே நிறுத்தி வைத்த குழந்தைகள் பின்னால் ஊட்டச் சிரமமாக இருந்ததை இங்கிலாந்தில் பிரிஸ்டல் பக்கம் நடந்த பெரிய ஆய்வு காட்டியது. லேசாக ஓங்கரித்தால் பயப்படாதீர்கள். அது தொண்டை தன்னைக் காத்துக்கொள்ளும் வேலை. முகம் சிவந்து சத்தத்தோடு இருமினால் அவளே சரிசெய்துகொள்வாள். சத்தமே வராமல் திணறினால்தான் ஆபத்து. முதலுதவியை உங்கள் டாக்டரிடம் கேட்டுச் செய்து பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். நிமிர்ந்து உட்காரவைத்து மட்டும் ஊட்டுங்கள்.

ராகிக்கு ஒரு வழி. முளைகட்டி, காயவைத்து, லேசாக வறுத்து அரைத்த மாவில் ஒரு சிட்டிகையைக் கெட்டியான சூட்டுக் கூழில் கலந்து பாருங்கள். கண் முன்னால் இளகிவிடும். முளையில் உண்டாகும் அமைலேஸ் என்ற நொதி மாவுச்சத்தை உடைப்பதால் இப்படி. தண்ணீர் ஊற்றாமலே விழுங்க லகுவாகிவிடும், சத்து அப்படியே இருக்கும். லேசான தித்திப்பும் தானாக வரும், சர்க்கரை தேவைப்படாது. ராகியில் 100 கிராமுக்கு 340 மி.கி.க்கு மேல் கால்சியம் இருக்கிறது, முளைகட்டினால் அது உடம்பில் ஒட்டுவதும் கூடும்.

பருப்பு, கீரை, முட்டை பக்கம் அவளைக் கொண்டுவர நான் இவ்வளவு அக்கறைப்படக் காரணம் இரும்புச் சத்து. வயிற்றில் இருந்தபோது உங்களிடமிருந்து சேர்த்து வைத்தது ஆறு மாதத்தோடு கரையத் தொடங்கும். பழமும் பாலும் அதை ஈடுகட்டாது. பருப்பில் இறக்கியபின் இரண்டு சொட்டு எலுமிச்சை பிழியுங்கள், அல்லது தக்காளி சேர்த்து வேகவையுங்கள், இரும்பு நன்றாக ஒட்டும். ஆறு மாதத்திலிருந்து ஐந்து வயது வரை வாரம் இரண்டு முறை 1 மி.லி. இரும்புச் சொட்டு மருந்து கொடுக்கும் அரசுத் திட்டமும் இருக்கிறது, அடுத்த முறை டாக்டரிடம் கேளுங்கள். இரும்பு குறைந்தால் பசியே மந்தமாகும், அப்போது சாப்பாடு இன்னும் கஷ்டமாகிவிடும்.


ஹெப்பாள் புது அம்மா
திங்கள், காலை 10.15

நடுவில் கேட்பதற்கு மன்னியுங்கள். என் மகனுக்கு 11 மாதம். இனிப்பு, உப்பு எதுவும் பிரச்சினை இல்லை, ஆனால் மசித்ததைத் தவிர எதையும் விழுங்குவதில்லை. சின்னப் பருக்கை வந்தாலே வாந்தி எடுத்துவிடுகிறான். இதற்கும் காலண்டர் போதுமா?


ஜெயநகர் உணவியலாளர்
திங்கள், பகல் 12.05

போதாது. இதை நேரில் காட்ட வேண்டும். பருக்கைக்கெல்லாம் வாந்தி, தண்ணீர் குடிக்கும்போது இருமல், எடை நிற்பது அல்லது குறைவது, ஒரு வாய்க்கு ரொம்ப நேரம் எடுப்பது, இவற்றில் எது இருந்தாலும் குழந்தை மருத்துவரைப் பாருங்கள். விழுங்குவதைப் பரிசோதித்துப் பயிற்சி கொடுப்பவர்கள் இந்த ஊரில் இருக்கிறார்கள், அவரே அனுப்புவார். தாய் கார்டில் (தாய்-சேய் நல அட்டை) எடைக் கோடு எப்படிப் போகிறது என்பதையும் எடுத்துக்கொண்டு போங்கள். இந்த வாரமே போங்கள் அம்மா.


நிலாக்குட்டி அம்மா
அடுத்த வாரம் வெள்ளி, இரவு 9.30

ஒன்பதாவது கோடு. இன்றைக்கு ஆறு ஸ்பூன் சாப்பிட்டாள்!

எப்படி என்று எழுதுகிறேன், யாருக்காவது உதவும். ஏழாம் நாள் வரை ஒன்று, இரண்டு ஸ்பூனிலேயே நின்றது. இரவுச் சாப்பாட்டை எட்டு மணிக்குக் கொடுத்துக்கொண்டிருந்தேன், நான் வேலையிலிருந்து வந்து சேரும் நேரம் அது. அத்தைதான் கவனித்தார், "அந்த நேரம் அவளுக்குத் தூக்கம் கண்ணைச் சுற்றுது, அப்போ பாலைத் தவிர எதுவும் கேட்க மாட்டா" என்று. சரி என்று ஆறரைக்கு மாற்றினோம். நான் வருவதற்கு முன் அத்தையே அவளைக் காப்பகத்திலிருந்து கூட்டி வந்து ஊட்டுகிறார். புதிதாக ஊட்டுவது நானாகத்தான் இருக்க வேண்டும் என்ற பிடிவாதத்தை விட்டது எனக்கு எளிதாக இல்லை. அவள் முதல் வாய் பருப்புச் சாதத்தை நன்றாக விழுங்கியதை நான் பார்க்கவில்லை, ரிங் ரோட்டில் வண்டியில் இருந்தேன். அத்தை வீடியோ எடுத்து அனுப்பினார்.

இன்றைக்கு லீவு போட்டிருந்தேன். மூன்று பேரும் தரையில் உட்கார்ந்து சௌசௌ கூட்டும் சோறும் சாப்பிட்டோம். அவள் கிண்ணத்தில் உப்புக்கு முன் எடுத்து வைத்தது. நாங்கள் பிசைவதைப் பார்த்து அவளும் கையை விட்டுப் பிசைந்தாள். மூக்கு, முடி, பாய் எல்லாம் பருப்பு. அதற்கு நடுவில் விரலை வாயில் வைத்தாள், சிலிர்த்தாள், மறுபடி வைத்தாள். அப்புறம் ஸ்பூனுக்கும் வாய் திறந்தாள். அத்தை ஒரு வார்த்தையும் பேசாமல் ஊட்டிக்கொண்டே இருந்தார், கண் மட்டும் கலங்கியிருந்தது. உப்பைப் பற்றி இப்போது கேட்பதில்லை.

காப்பகத்தில் மூடியில் கன்னடத்தில் எழுதி ஒட்டினேன். முதல் நாலு நாள் டப்பா முக்கால்வாசி திரும்பி வந்தது. வாயைத் திறக்காமல் வாங்கிக்கொண்டு வந்தேன். நேற்று பாதி காலி, வெல்லம் இல்லாமல். ஆயாம்மா வாசலுக்கே வந்து சொன்னார்.

ராகியில் நாட்டுச் சர்க்கரை கால் ஸ்பூனுக்கு வந்திருக்கிறது. தயிர்ச் சாதம் இன்னும் துப்புகிறாள். அதற்குத் தனியாக ஒரு காலண்டர் பக்கம் ஆரம்பிக்கிறேன். அடுத்து எந்தக் காயைத் தொடலாம் பாட்டிம்மா?


அல்சூர் பாட்டி
சனி, காலை 5.50

கண்ணு, படித்து எனக்கும் கண்ணில் தண்ணீர். உன் அத்தையை விசாரித்ததாகச் சொல்.

அவரைக்காய் வந்துவிட்டது, கே.ஆர். மார்க்கெட்டில் நேற்று மலையாகக் குவித்திருந்தார்கள். கொட்டையை ராத்திரி ஊறவைத்து, காலையில் பிதுக்கித் தோலை எடுத்துவிடு. கிருஷ்ணகிரிக்காரர் உன் அத்தை, பிதுக்கம்பருப்பு அவருக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. உப்புக்கு முன் ஒரு கரண்டி எடுத்து, சீரகமும் பூண்டும் போட்டு நன்றாக வேகவைத்து மசித்து, நெய் விட்டுக் கொடு. முதல் தடவை இரண்டு ஸ்பூனோடு நிறுத்தி வயிறு எப்படி இருக்கிறது என்று பார்.